புளூட்டோவின் பாதையில் ஒரு பெரிய பொருள்

வானியல் அருங்காட்சியகத்தில் புளூட்டோவாக இருப்பதுதான் அவருக்கு உத்தியோகம். யாரும் சிரிக்க வேண்டாம். முறையாக விளம்பரம் வந்து, நேர்காணல் நடந்து, 'உயரம் குறைவு, பொறுமை அதிகம், கடைசிப் பாதைக்குப் பொருத்தமானவர்' என்று குறிப்பெழுதிக் கொடுத்த நிரந்தர உத்தியோகம் அது.

அருங்காட்சியகத்தின் பின்முற்றத்தில் தரையில் வெள்ளைக் கோட்டால் ஒன்பது பாதைகள் போட்டிருந்தார்கள். நடுவில் உயரமான நாற்காலியில் மஞ்சள் உடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். அவர்தான் சூரியன். அவரைச் சுற்றி ஆளுக்கொரு பாதையில், பஞ்சடைத்த பெரிய உருண்டைக்குள் புகுந்துகொண்டு, தலையும் கைகால்களும் மட்டும் வெளியே நீட்டியபடி ஊழியர்கள் சுற்றுவார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பொதுமக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இவர்களுடைய சொந்தப் பெயரெல்லாம் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். மற்றபடி "செவ்வாய், அந்தக் குடையை எடுப்பா", "சனி, உன் வளையம் என் காலை இடிக்குது பாரு" என்றுதான் அங்கே பேச்சு.

வேலை சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மணி நேரம் அந்த உருண்டைக்குள் நின்று பார்க்கட்டும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கை இருக்கும், மூக்கும் இருக்கும், நடுவில் பஞ்சு இருக்கும். பார்வையாளர்களோடு பேசக்கூடாது, உட்காரக்கூடாது, தும்முவதாக இருந்தாலும் திசை மாறாமல் தும்ம வேண்டும் என்றெல்லாம் 'கோள் நடத்தை விதிகள்' என்று ஒரு தடிப் புத்தகமே இருந்தது.

விடுமுறை கொடுப்பதிலும் அருங்காட்சியகம் ஒரு முறை வைத்திருந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதனுக்குப் புதன்கிழமை. வியாழன், வெள்ளி, சனி எல்லாருக்கும் அவரவர் கிழமை. பூமியைச் சுற்றும் நிலவுக்குத் திங்கட்கிழமை. கிழமை இல்லாத பூமி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ நான்கு பேரும், 'உரிய கிழமை உருவாக்கப்பட்டதும் பரிசீலிக்கப்படும்' என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டு விடாமல் சுற்றினார்கள். சூரியன் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. அருங்காட்சியகத்தில் கூட்டம் அம்முவதும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு மட்டும் எல்லாக் கோள்களும் காலி நாற்காலியைச் சுற்றும். இதில் ஏதோ உதைக்கிறதே என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

இத்தனை தொல்லையிலும் புளூட்டோவுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. அவருடைய துணைக்கோள் சாரோன் வேறு யாருமில்லை, அவர் பெண்டாட்டி.

வானத்துச் சாரோனைப் போலவே இவளும் பின்னால் வந்து சேர்ந்தவள்தான். வேலைக்கு வந்த புதிதில் பயிற்சியாளர் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "எப்பவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டே சுத்தணும். முகம் திருப்பக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒரு பயிற்சிக்குப் பிறகு கல்யாணத்தைத் தவிர வேறென்ன நடக்கும்? பெண் கேட்டுப் போனபோது மாமனார், "மாப்பிள்ளை என்னவா இருக்கார்?" என்று விசாரித்தார். "கோளா இருக்கார்" என்றார்கள். "நிரந்தரமா?" என்றார். "நிரந்தரக் கோள்" என்றதும் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஊரெல்லாம் "எங்க மாப்பிள்ளை ஒரு கோள்" என்றுதான் அவர் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச நேரம் எங்கே இருக்கிறது? மூன்று பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சி, சதா தட்டப்படும் கதவு. அதனால் பிள்ளையின் பல்வலி, ஒழுகுகிற குழாய், நாத்தனாரின் கோபம் என்று எல்லாப் பஞ்சாயத்தும் சுற்றுப்பாதையில்தான் நடக்கும். மாமனாரின் குறட்டையைப் பற்றிய சண்டையெல்லாம் பாதி சுற்றில் தொடங்கி மீதிச் சுற்றில் சமாதானமாகும். ஒருவர் முன்னோக்கி நடந்தால் மற்றவர் பின்னோக்கி நடக்க வேண்டும் என்பதால் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை. சாரோன் கையில் பழைய பல்தூரிகை ஒன்றை வைத்திருந்தாள். அவர் மூக்கு சுருங்கினாலே போதும், தூரிகை நீளும். அவள் மூக்கு சுருங்கினால் அதே தூரிகையை வாங்கி அவர் நீட்டுவார். முற்றத்தில் மூக்கு அரிக்காத தம்பதி அவர்கள் மட்டும்தான் என்று மற்ற கோள்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அறிவியல் வந்து விழுந்தது.

எங்கோ ஒரு பெரிய மாநாட்டில் வானியல் அறிஞர்கள் கூடி, கோள் என்றால் என்ன என்று வரையறை எழுதி, வானத்தில் இருக்கும் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மேசையாகத் தூங்கி எழுந்து, முற்றத்துக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. அறிஞர்கள் பேசியது வானத்தைப் பற்றி. முற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் வேண்டுமென்றால், புளூட்டோவின் பெயர்ப்பலகையில் 'கோள்' என்பதற்கு முன்னால் 'குறுங்' என்று எழுதக் கொஞ்சம் சாயம் செலவழித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் எதையாவது எவராவது வரையறுத்துவிட்டால் நம் அருங்காட்சியகத் தலைவருக்குக் கை சும்மா இருக்காது. உடனே 'கோள் தகுதி நிர்ணயக் குழு' என்று ஒன்றை அமைத்தார். தலைவரையும் சேர்த்து எட்டுப் பேர். அவர்களுக்கு எட்டு மெத்தை நாற்காலி, ஒரு நீள மேசை, தட்டு நிறைய பிஸ்கட்.

முற்றத்தில் எல்லாரையும் கூட்டி வைத்துத் தலைவர் பேசினார்.

"கோள்களே! துணைக்கோள்களே! ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் எரிகற்களே! இன்னைக்கு அறிவியல் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேக்குது. நீ யாரு? என்னையும் கேட்டுச்சு. தலைவர்னு சொன்னேன், அதோட விட்டுடுச்சு. இப்ப உங்க முறை. கோள்னு சொல்லிக்கிட்டாப் போதுமா? மூணு தகுதி வேணும். சூரியனைச் சுத்தணும். தன் எடையாலயே உருண்டையாகியிருக்கணும். தன் பாதையோட அக்கம்பக்கத்துல வேற பொருள் எதுவும் இல்லாம அப்புறப்படுத்தியிருக்கணும். மூணும் இருந்தா கோள். மூணாவது மட்டும் இல்லைன்னா குறுங்கோள். இதுல விருப்பு வெறுப்புக்கு எடமே இல்லை. யாரை எறக்கணும்னு ஏற்கெனவே முடிவாயிட்டதால, நடுநிலையோட ஆய்வைத் தொடங்கலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சு உருண்டைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் சேராது என்பதால் பக்கத்தில் நின்றவர் கையோடு தட்டிக்கொண்டார்கள்.

மறுவாரமே ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனுஷர், கழுத்தில் தையல்காரர் அளவு நாடா. வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு சுற்று முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "சூரியன் எங்கே?" என்றார்.

"இன்னைக்கு லீவு சார்" என்றார் பூமி.

"அப்போ நீங்கள்லாம் எதைச் சுத்தறீங்க?"

எல்லாரும் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தகுதியிலேயே மொத்தக் குடும்பமும் காலி! ஆய்வாளர் வியர்த்து விறுவிறுத்துத் தலைவரிடம் ஓடினார். குழு அவசரமாகக் கூடி, பிஸ்கட் தீரும்வரை ஆலோசித்து, 'சூரியன் விடுப்பில் உள்ள நாட்களில் நாற்காலியே சூரியனாகக் கருதப்படும்' என்று தீர்மானம் போட்டது. இது மறைமுகமாகத் தமக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்ட தலைவர், தம் நாற்காலியைத் துடைக்கச் சொன்னார்.

இரண்டாவது தகுதியான உருண்டையிலும் சிக்கல் வந்தது. தன் எடையால் உருண்டையானவர் யார், பஞ்சால் உருண்டையானவர் யார் என்று பார்க்க ஆய்வாளர் எல்லாரையும் உடையைக் கழற்றச் சொன்னார். நாடாவை வைத்து அளந்ததில், சொந்த முயற்சியில் உருண்டையாகியிருந்தவர் வியாழன் மட்டும்தான். செவ்வாயெல்லாம் குச்சி. குழு மறுபடி கூடியது. 'உடையும் ஊழியரின் எடையில் சேரும்' என்று முடிவாயிற்று. புளூட்டோவும் தேறினார். அவர் உருண்டை சின்னதுதான், ஆனால் நல்ல உருண்டை. வாராவாரம் சாரோன் அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்து வைத்திருந்தாள்.

மூன்றாவது தகுதிதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

ஆய்வாளர் முதலில் வியாழனின் பாதைக்குப் போனார். வியாழன் ஊழியர் சங்கத்துக்காரர். அவரைச் சுற்றித் துணைக்கோள்களாக மச்சான், மச்சானுக்கு மச்சான், சித்தப்பா மகன்கள், ஒன்றுவிட்ட மாமா என்று பெரிய பட்டாளமே வேலை பார்த்தது. அது போதாதென்று பாதையில் அவருக்கு முன்னால் ஒரு கூட்டமும் பின்னால் ஒரு கூட்டமும் சும்மா கூடவே வந்துகொண்டிருக்கும்.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் ஆய்வாளர்.

"நம்ம பசங்கதான்" என்றார் வியாழன், லேசாகக் கண்ணைச் சுருக்கி.

ஆய்வாளர் 'பாதை சுத்தம்' என்று எழுதிக்கொண்டு வேகமாக நகர்ந்துவிட்டார்.

புளூட்டோவின் பாதை முற்றத்தின் கோடியில், வேலியை ஒட்டிப் போனது. அருங்காட்சியகத்தில் எது உடைந்தாலும் பண்டகசாலைக்காரர்கள் அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். கால் போன நாற்காலிகள், கண்ணாடி போன தொலைநோக்கி, தண்ணீரே பார்க்காத தண்ணீர்த் தொட்டி, முந்தைய இயக்குநரின் உட்கார்ந்த சிலை (காலிலிருந்து மூக்குவரைதான் செய்து முடித்திருந்தார்கள்). சிலையின் நிழலில் ஒரு பூனை, உலகமே தனக்குச் சொந்தம் என்பதுபோல் படுத்திருந்தது.

"என்ன இதெல்லாம்?" என்றார் ஆய்வாளர்.

"பண்டகசாலைக்காரங்க போட்டது சார்" என்றார் புளூட்டோ.

"யார் பாதையில கெடக்குது?"

"என் பாதையில."

"அப்போ அப்புறப்படுத்தாதது யாரு?"

புளூட்டோ சாமான்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். அன்று மதியமே உருண்டையோடு பண்டகசாலைக்கு ஓடினார். வாசற்படியில் சிக்கிக்கொண்டு, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றே பேசினார்.

"சார், என் பாதையில கெடக்கற சாமானை எடுக்கணும்."

பண்டகசாலை அதிகாரி தலை நிமிராமல், "கோள் தகுதி உள்ளவங்க மனு கொடுத்தா எடுப்போம்" என்றார்.

"என் தகுதிதான் சார் சந்தேகத்துல இருக்கு."

"தெளிவானதும் வாங்க."

"சாமானை எடுத்தாத்தான் சார் தெளிவாகும்."

"அப்போ எடுத்துட்டு வாங்க."

"எடுக்கலாமா சார்?"

"மனு இல்லாம எப்படி எடுப்பீங்க?"

தலை சுற்றியது அவருக்கு. சுற்றுவது அவர் தொழில்தான், ஆனால் தலை தனியாகச் சுற்றுவது இதுதான் முதல் தடவை. திரும்பி வந்து பூனையை மட்டுமாவது எடுப்போம் என்று பார்த்தார். பூனையைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார். அது ஒரு சுற்றுக்குள் திரும்பி வந்து, சிலையின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அப்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் பாதை ஓரிடத்தில் நெப்டியூனின் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் நெப்டியூனின் பாதையில் தானும் கிடக்கிறோம். நெப்டியூனும் அப்புறப்படுத்தவில்லைதானே? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நேராகப் போய்த் தலைவரிடமே கேட்டுவிட்டார்.

தலைவர் பரிவோடு அவர் பஞ்சைத் தட்டிக்கொடுத்தார். "தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. சின்னவங்க பாதையில பெரியவங்க இருந்தா, அது சின்னவங்களோட குறை. பெரியவங்க பாதையில சின்னவங்க இருந்தா, அதுவும் சின்னவங்களோட குறை. அறிவியல்ல பாரபட்சமே கெடையாது."

விசாரணை நாள் வந்தது. குழுவின் அறையில் எட்டுப் பேரும் மெத்தை நாற்காலிகளில் புதைந்திருந்தார்கள். புளூட்டோவும் சாரோனும் உருண்டைகளோடு எதிரே நின்றார்கள்.

"உங்க பாதையில கெடக்கறதுலயே பெரிய பொருள் எதுன்னு தெரியுமா?" என்று தொடங்கினார் தலைவர்.

"பழைய இயக்குநர் சிலை சார்."

"இல்லை. உங்க மனைவி."

சாரோன் ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் என்ன, பொருளா?"

"அறிவியல்ல எல்லாரும் பொருள்தாம்மா. ஏன், நானே ஒரு பொருள்தான்."

"அது பார்த்தாலே தெரியுது சார்" என்றாள் சாரோன்.

ஒரு உறுப்பினருக்கு பிஸ்கட் புரையேறியது. தலைவர் கண்டுகொள்ளவில்லை. "துணைக்கோள்னா என்ன? கோளைச் சுத்தணும். நீங்க எங்கே சுத்தறீங்க? ஆய்வாளர் நேர்ல பார்த்திருக்கார். நீங்க இவரைச் சுத்தறீங்க, இவரு உங்களைச் சுத்தறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல, வெட்டவெளியில, மையம் அது பாட்டுக்குத் தொங்குது. ஒரு குடும்பத்துல மையம் வெட்டவெளியில தொங்கலாமா? எங்க வீட்டையே எடுத்துக்கங்க. மையம் நான். அதுல ஒரு குழப்பமும் கெடையாது."

சட்டைப்பையில் கைபேசி அலறியது. தலைவர் சட்டென்று எழுந்து நின்று பேசினார். "ஆமாம்மா... இல்லம்மா, ஒரு கூட்டத்துல... இதோ முடிஞ்சிடும்மா... பெரிசா, சின்னதா? ... சரி, ரெண்டுமே வாங்கிட்டு வந்துடறேன்... இல்ல இல்ல, மறக்கமாட்டேம்மா." உறுப்பினர்கள் எல்லாரும் திடீரென்று மேசையின் மரவேலைப்பாட்டை ரசிக்க ஆரம்பித்தார்கள். தலைவர் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஆனாலும் குழு இரக்கமுள்ளது. ஒரு வழி சொல்றோம். 'என் மனைவி என்னைச் சுற்றுகிறாள், நான் அவளைச் சுற்றுவதில்லை'ன்னு எங்க முன்னால உறுதிமொழி சொல்லுங்க. சொன்னதும் இவங்க முறையான துணைக்கோள். துணைக்கோளை வேற கோளுக்கு அயல்பணியில அனுப்ப விதி இருக்கு. வியாழன் கேட்டுக்கிட்டே இருக்கார். இவங்க அங்கே போயிட்டா உங்க பாதையோட பெரிய பொருள் போச்சு. மத்த உடைசலைக் கண்டுக்க மாட்டோம். நீங்க நிரந்தரக் கோள்."

"சொல்லலைன்னா சார்?"

"ரெண்டு பேரும் குறுங்கோள். வேலிக்கு அப்பால... அதாவது, வேலியோரமா. பலகை கெடையாது. கோள்கள் சாப்பாட்டு மேசையில எடம் கெடையாது. மத்தியானத்துக்கு மேல சொல்லுங்க."

முற்பகல் சுற்று பாக்கி இருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்கினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள்.

"சொல்லிடுங்க" என்றாள் சாரோன். "ரெண்டு வார்த்தைதானே. சொன்னா என்ன, நாக்கா தேஞ்சிடும்?"

"நீ வியாழனைச் சுத்தணுமேம்மா."

"சுத்தறேன். அவங்க சொந்தக்காரங்க கல்யாணக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு. எனக்கும் பொழுது போகும்."

"உன் மூக்கு அரிச்சா?"

"அரிக்கும். என்ன இப்போ? எல்லாருக்கும்தான் அரிக்குது." சிலையைத் தாண்டும்போது அவள் குரல் கம்மியது. "எங்கப்பாகிட்ட எப்படிங்க சொல்றது? எங்க மாப்பிள்ளை கோள்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காரு. குறுங்கோள்னு கேட்டா அவரு மனசு ஒடிஞ்சிடாது?"

அவள் முகம் பார்க்காமல் ஒரு சுற்றுகூடப் புளூட்டோ போனதில்லை. இனி எதிரே வெறும் வேலிதான் தெரியும். குழாய் ஒழுகினால் வேலியிடமா சொல்வது? அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை எட்டாது என்பதால் அவள் தூரிகையாலேயே துடைத்துவிட்டாள். அது சொரசொரவென்று இருந்ததில் இன்னும் இரண்டு சொட்டு வந்தது.

மத்தியானம் குழுவின் முன்னால் வந்து நின்றார். மனசைக் கல்லாக்கிக்கொண்டார். மாமனாரை நினைத்துக்கொண்டார், பலகையை நினைத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"என் மனைவி என்னைச் சுற்றுகிறாள். நான்... நான் அவளை..."

மூக்கு அரித்தது.

அதுவரை அரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் அரித்தது. அவர் மூக்கைச் சுருக்கினார். அறையின் அந்தக் கோடியில் நின்ற சாரோன், பழக்கதோஷத்தில் தூரிகையை நீட்டினாள். அவரும் பழக்கதோஷத்தில் தூரிகையைப் பார்த்துத் திரும்பினார். அவள் ஒரு அடி எடுத்துவைக்க, இவர் ஒரு அடி எடுத்துவைக்க, குழுவின் கண்ணெதிரிலேயே இருவரும் ஒரு முழுச் சுற்று வந்து, மூக்கைச் சொறிந்து முடித்து, அப்புறம்தான் நின்றார்கள்.

புளூட்டோ பெருமூச்சு விட்டார். "மன்னிச்சிடுங்க சார். வாய் பொய் சொன்னாலும் கால் சொல்லமாட்டேங்குது. நான் இவளைச் சுத்தத்தான் செய்யறேன். கோளா இருந்தாலும் சுத்துவேன், கூழாங்கல்லா இருந்தாலும் சுத்துவேன். எறக்கணும்னா எறக்கிடுங்க."

வாக்கெடுப்பு நடந்தது. இன்னொரு டீ கேட்டுக் கை தூக்கிய உறுப்பினரின் வாக்கும் சேர்ந்துகொள்ள, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் எழுந்து, "இன்னைக்கு அறிவியல் ஜெயிச்சிடுச்சு" என்றார். பிறகு அவசரமாகக் கடைக்குக் கிளம்பினார். பெரியதும் சின்னதும் வாங்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். "குறுங்கோளும் நிரந்தரம்தானே?" என்று கேட்டார். "ஆமாம் மாமா." "அப்போ ஊர்ல குறுந்தொழில் பண்றவன் எல்லாம் தொழிலதிபர்னு சொல்லிக்கறான்ல? விடுங்க" என்று குறட்டை விடப் போய்விட்டார்.

பலகையைப் பிடுங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் இடத்தைப் பிடுங்கினார்கள். ஆனால் பிடுங்குகிற அவசரத்தில் குழு ஒன்றை மறந்துவிட்டது. 'கோள் நடத்தை விதிகள்' கோள்களுக்கு மட்டும்தான். குறுங்கோள்களுக்கு விதிகளே யாரும் எழுதவில்லை.

இது சாரோனுக்குத்தான் முதலில் உறைத்தது. மறுநாளே கத்தரிக்கோலை எடுத்து இரண்டு உருண்டைகளிலும் முன்பக்கப் பஞ்சை வெட்டினாள். கை மூக்குக்கு எட்டியது. ஆனாலும் பழக்கம் விடாமல் ஒருவர் மூக்கை ஒருவர்தான் சொறிந்துகொண்டார்கள். கால் போன நாற்காலிகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, களைத்தால் உட்கார்ந்தார்கள். பூனை மடியில் ஏறிக்கொண்டது. பார்வையாளர்களோடு பேசக்கூடாது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் பேசினார்கள். மற்ற எட்டுப் பேரும் ஊமையாகச் சுற்ற, பேசும் குறுங்கோளைப் பார்க்க வேலியோரம் கூட்டம் அலைமோதியது. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களாமே, ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மாமனாரின் குறட்டைச் சண்டையைப் போட்டுக் காட்டுவார்கள்.

இதையெல்லாம் முதல் பாதையிலிருந்து பார்த்துக்கொண்டே ஓடியவர் புதன். ஆமாம், ஓடியவர். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர்தான் எல்லாரையும்விட வேகமாகப் போக வேண்டும். மற்றவர்கள் நடக்கும் வேலைக்கு அவர் மட்டும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை அவர் பாதையின் நடுவே ஒரு உடைந்த நாற்காலி கிடந்தது. அதன்மேல் புதன் கிடந்தார்.

"ஐயய்யோ, என் பாதையில ஏதோ பொருள் கெடக்குதே! நான் தகுதி இழந்துட்டேனே!" என்று உட்கார்ந்தபடியே அலறினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஆய்வாளர் கையைப் பிசைந்தார். விதி விதிதானே? குழு கூடிப் புதனை இறக்கியது. அடுத்த நாள் செவ்வாயின் பாதையில் ஒரு முக்காலி. அதற்கடுத்து வெள்ளி, பூமி, யுரேனஸ். சனி வளையத்தைக் கழற்றிப் பாதையிலேயே போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டார். நெப்டியூன், "என் பாதையைப் புளூட்டோ வெட்டுதுன்னு இப்பத்தான் கவனிச்சேன்" என்று கண்கலங்கினார். வியாழன் மட்டும் கௌரவம் பார்த்துச் சில நாள் தாக்குப்பிடித்தார். பிறகு மச்சான்களின் நச்சரிப்பு தாங்காமல் அவரும் விழுந்தார். அவர் பட்டாளத்துக்கு உடைந்த நாற்காலிகள் போதவில்லை. குழுவின் அறையிலிருந்த எட்டு மெத்தை நாற்காலிகளும் எப்படியோ வியாழனின் பாதைக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த கூட்டத்தைக் குழு நின்றுகொண்டே நடத்தியது. 'முற்றத்தில் எட்டுக் கோள்கள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். தவறினால் அருங்காட்சியகம் இழுத்து மூடப்படும்' என்ற விதியை ஆய்வாளர் வாசித்தார். கோள்கள் எத்தனை? ஒன்றுமில்லை. காலி உருண்டைகள் எத்தனை? எட்டு. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'இதுவொரு வரலாற்றுத் தருணம்' என்று தலைவர் பேசத் தொடங்கினார். அவர் பேசி முடிப்பதற்குள் மற்ற ஏழு பேரும் முந்திக்கொண்டு, மெதுவாக நடக்கும் உருண்டைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது புதன்.

ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் கூட்டம், வழக்கம்போல் சூரியன் அம்மாவுக்கு விடுமுறை. முற்றத்தின் நடுவே காலி நாற்காலி. அதைச் சுற்றி, கோள் தகுதி நிர்ணயக் குழுவின் எட்டுப் பேரும் பஞ்சு உருண்டைக்குள் வியர்க்க வியர்க்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, முதல் நாள் என்று சொல்லவே முடியாது. காலி நாற்காலியைச் சுற்றுவதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருந்தது தெரிந்தது. தலைவர் மட்டும் ஓடினார். 'தும்மினாலும் திசை மாறக்கூடாது' என்ற விதியை எழுதியவரே அவர்தான் என்பதால் திசை மாறாமல் தும்மிக்கொண்டே ஓடினார்.

வேலியோரம் எட்டுப் பழைய கோள்களும், வியாழனின் சொந்தபந்தங்களும், பூனையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். புளூட்டோவும் சாரோனும் மட்டும், உட்கார மனமில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு, ஒழுகுகிற குழாயைப் பற்றிப் பேசியபடி தங்கள் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

சட்டென்று முதல் பாதையை விட்டு விலகி, எல்லாக் கோடுகளையும் மிதித்துக்கொண்டு, தலைவர் மூச்சிரைக்க வேலிக்கு ஓடிவந்தார். முகம் கோணியிருந்தது. மூக்கு சுருங்கி விரிந்து சுருங்கியது.

"அம்மா... அந்தத் தூரிகை..."

சாரோன் அதை நீட்டி, நன்றாகவே சொறிந்துவிட்டாள். தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"குறுங்கோளாகறதுக்கு... என்னம்மா செய்யணும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல சார்" என்றாள் சாரோன். "உங்க வீட்டுல யாரு யாரைச் சுத்தறாங்கன்னு இங்கே எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடணும். எங்க வீட்டுக்காரரு சொன்ன மாதிரி."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உருண்டைக்குள்ளே, சட்டைப்பையில், கைபேசி அலறியது. எடுக்கக் கையை வளைத்தார், எட்டவில்லை. இந்தப் பக்கம் வளைத்தார், எட்டவில்லை. அது அலற அலற, தலைவர் பதறிப்போய்த் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தார்.

"எடுங்க சார்" என்றாள் சாரோன். "மையம் கூப்பிடுது."